லேசர் பார்வைத் திருத்தம்: பழவேற்காடு ஏரி மீனவர் நோக்கில்

கருவிழியின் வளைவை எக்ஸைமர் லேசரால் மாற்றிக் கண்ணாடியின் தேவையைக் குறைப்பது லேசர் பார்வைத் திருத்தம். இந்த லேசர் சுற்றியுள்ள பகுதியைக் கருக்காமல் உயிர்த்திசுவைச் சீவும் என்று 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். சோதித்துப் பார்த்தது விருந்தில் மிஞ்சிய வான்கோழிக் கறியில்! சிகிச்சை வேண்டுமா என்பதைப் பெரும்பாலோர் பவரையும் செலவையும் வைத்தே முடிவுசெய்கிறார்கள். பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் தொழிலும் வயதும்தான் அதைவிடப் பெரிய அளவுகோல்கள்.

கண்ணாடியில் உப்புநீர் தெறித்து மங்குகிறது, படகில் குனிந்தால் நழுவுகிறது, கான்டாக்ட் லென்ஸோடு நீரில் இறங்கினால் கிருமித்தொற்று அபாயம். ஆகவே மீனவருக்குத்தான் லேசர் அதிகம் தேவை என்று வாதிடலாம். நியாயமான வாதம்தான். ஆனால் லாசிக் முறையில் கருவிழியின் மேலடுக்கை மூடிபோல் வெட்டித் திறந்து மீண்டும் படிய வைக்கிறார்கள். கயிறோ துடுப்போ பலமாகப் பட்டால் அம்மூடி ஆண்டுகள் கழித்தும் விலகக்கூடும். மூடி வெட்டாத பிஆர்கே முறையில் அந்த அச்சமில்லை; என்றாலும் சில நாள் வலி இருக்கும், பார்வை தெளியத் தாமதமாகும், நீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலின் புற ஊதாக்கதிர் கருவிழியில் மங்கலை உண்டாக்கக்கூடும். எனவே மாதக்கணக்கில் கறுப்புக் கண்ணாடி அவசியம். எந்த முறையானாலும் மருத்துவர் சொல்லும்வரை ஏரியில் இறங்கக் கூடாது. கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு அது வருமான இழப்பு; சிகிச்சைச் செலவோடு அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். வெயிலிலும் காற்றிலும் உழைப்பவர்களுக்கு மிகுதியாக வரும் சதை வளர்ச்சி கருவிழி மீது படர்ந்திருந்தால், முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

வயதின் கணக்கு இன்னும் நுட்பமானது. பதினெட்டு வயதுக்குமேல், ஓராண்டாவது பவர் மாறாமல், கருவிழி போதிய தடிமனோடு கூம்பாமல் இருப்பவரே தகுதியானவர். நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் உள்ளவை மங்கும் வெள்ளெழுத்து வரும். ஆனாலும் மைனஸ் இரண்டு பவர் உள்ளவருக்கு அரை மீட்டர் தொலைவு கண்ணாடியின்றியே தெளிவாகத் தெரியும். வலையின் கிழிசலை அப்படியே உட்கார்ந்து பின்னிவிடலாம். தூரப்பார்வைக்காக அந்தப் பவரை முழுதும் நீக்கிவிட்டால், வலை பின்ன வேறு கண்ணாடி வாங்க வேண்டியிருக்கும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் திருத்தும் வழியும் உண்டு. ஆனால் அது இருளில் தொலைவைக் கணிக்கும் திறனைச் சற்றுக் குறைக்கும் என்பதால் இரவில் படகு செலுத்துபவருக்குப் பொருந்துவது அரிது. கண்புரை தொடங்கியவருக்கு லேசர் வீண்செலவு. புரையை அகற்றி வைக்கும் லென்ஸே பவரையும் பெரும்பாலும் சரிசெய்துவிடும். இளவயதில் லேசர் செய்துகொண்டவர்கள் அறுவைக்கு முந்தைய அளவுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். பின்னாளில் புரை லென்ஸின் பவரைக் கணிக்க அது மருத்துவருக்கு உதவும்.