நீர்வழிகளில் கழிவு கொட்டுவதைத் தடுக்கும் சட்டங்கள்: தென்பெண்ணைப் படுகை

திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து கடலூர்க் கடல் வரையிலான தென்பெண்ணையாறு, சட்டப்படி 80-ஆம் எண் தேசிய நீர்வழி. 2016-ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டம் நாடெங்கும் அறிவித்த 111 நீர்வழிகளுள் இதுவும் ஒன்று. அணையில் 119 அடி வரை நீர் தேக்கலாம். ஆனால் அணைக்குக் கீழே ஆண்டின் பெரும்பகுதியில் மணல்தான் தெரியும். சரக்குப் படகு எதுவும் ஓடவில்லை. திருவண்ணாமலை அருகே தோன்றி இந்த ஆற்றில் கலக்கும் துரிஞ்சலாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஆறாக இருக்கிறது. இத்தகைய ஆறுகளைக் காக்கும் சட்டம் மிகத் தாமதமாகவே வந்தது.

பழைய சட்டங்கள் பெரும்பாலும் கப்பல் போகும் பாதையைக் காக்க எழுதப்பட்டவை. இந்தியத் துறைமுகச் சட்டம், 1908, துறைமுக நீரில் குப்பையையும் கப்பலின் அடிப்பாரக் கற்களையும் கொட்டத் தடை விதித்தது. அவை மேடிட்டுக் கப்பலை மறிக்கும் என்பதே அதன் கவலை. அமெரிக்காவின் 1899-ஆம் ஆண்டுச் சட்டமும் கப்பல் செல்லும் நீரையும் அதன் துணையாறுகளையும் பற்றியே பேசியது. குடிநீரை நினைத்து எழுதப்பட்டது 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 277-ஆம் பிரிவு. பொது ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ மாசுபடுத்தினால் மூன்று மாதச் சிறை, அல்லது 500 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஓடும் ஆறு இப்பிரிவில் அடங்காது என்று 1881-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. குளத்துக்குக் கிடைத்த காவல் ஆற்றுக்குக் கிடைக்கவில்லை.

திருப்பம் 1974-இல் வந்தது. அவ்வாண்டின் நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 24-ஆம் பிரிவின்கீழ், மாசுப் பொருளை நீரோடையிலோ கிணற்றிலோ விடக் கூடாது என்றது. அதன் வரையறையில் ஆறு, நிலத்தடி நீர், உள்நாட்டு நீர்நிலைகள் எல்லாம் அடக்கம். தற்காலிகமாக வறண்டு கிடக்கும் நீர்த்தடமும் அடக்கம். தமிழகத்துக்கு இந்த ஒரு சொற்றொடர் மிகப் பெரியது. கோடையில் துரிஞ்சலாற்று மணலில் லாரி கொண்டுவந்து கொட்டும் சாக்கடைக் கழிவும் ஆற்றில் கொட்டிய கழிவே ஆகும். தமிழ்நாட்டில் சட்டத்தைச் செயல்படுத்தும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரி 27-இல் அமைந்தது. 1988 திருத்தம், 24-ஆம் பிரிவை மீறுவோருக்கான குறைந்தபட்சத் தண்டனையை ஒன்றரை ஆண்டுச் சிறை ஆக்கியது.

தண்டனை கடுமையாக இருந்தும் பாலாறு தப்பவில்லை. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் விளைநிலங்களையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதியே என்றது அத்தீர்ப்பு. நாடு முழுதும் மேற்கோள் காட்டப்படும் இத்தீர்ப்பு ஒரு தமிழக ஆற்றின் அழிவிலிருந்து பிறந்தது.

பழைய 277-ஆம் பிரிவின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 279-ஆம் பிரிவு உள்ளது; சிறை ஆறு மாதம் வரை, அபராதம் 5,000 ரூபாய் வரை. பொது ஊற்று, நீர்த்தேக்கம் என்ற பழைய சொற்கள் மட்டும் மாறவில்லை.

தென்பெண்ணையின் பெரிய சிக்கல் மாநில எல்லைக்கு அப்பால் தொடங்குகிறது. பெங்களூருப் பகுதியின் கழிவுநீரால் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறது. அந்த நீர் கிருஷ்ணகிரி வழியே சாத்தனூருக்கு வருகிறது. தமிழக வாரியத்தின் அதிகாரம் எல்லையோடு நின்றுவிடும். மாநில வாரியங்களிடையே எழும் பிணக்கைத் தீர்க்கும் பொறுப்பை 1974 சட்டம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் ஒப்படைத்திருக்கிறது.