பிறப்பின் உண்மையைப் பிள்ளைக்குக் கூறுதல்

தானமாகப் பெற்ற விந்தணு அல்லது கருமுட்டை மூலம் பிறந்த பிள்ளையிடம் அவ்வுண்மையைக் கூறுவதா, மறைப்பதா என்று பெற்றோர் பலர் தயங்குகின்றனர். சுவீடன் 1985ஆம் ஆண்டிலேயே விந்தணுக் கொடையாளரை அறியும் உரிமையைப் பிள்ளைக்குச் சட்டமாக்கியது. பிரித்தானியாவில் 2005 ஏப்ரல் முதலாம் திகதிக்குப் பின்னர் பதிவான கொடையாளரின் அடையாளத்தைப் பிள்ளை 18 வயதில் கேட்டறியலாம்.

மறைப்பின் விளைவை எமது நாடும் அறியும். 1970, 80களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளிற் பலர், வளர்ந்தபின் பெற்ற தாயைத் தேடி இங்கு வந்தனர். தமது ஆவணங்கள் போலியென அறிந்து கலங்கியோரும் உளர். அத்தத்தெடுப்புகளில் நிகழ்ந்த முறைகேடுகளுக்காக சுவிட்சர்லாந்து அரசு 2020 டிசம்பரில் வருத்தம் தெரிவித்தது.

இஸ்லாமியச் சட்ட அறிஞருள் பெரும்பான்மையோர் மூன்றாம் நபரின் கொடையை அனுமதிப்பதில்லை. வம்சாவளி பேணப்பட வேண்டும் என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களது சொந்தத் தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு அல்குர்ஆன் பணிக்கின்றது.

உறவும் அயலும் நெருங்கி வாழும் லக்கல போன்ற கிராமப்புறங்களில் இரகசியம் நெடுநாள் நிலைப்பதில்லை. மரபணுப் பரிசோதனை பரவிவிட்ட நகரங்களிலும் நிலைமை அதுவே. எனவே, பாடசாலை செல்லும் வயதுக்கு முன்னரே எளிய சொற்களில் சிறிது சிறிதாகக் கூறத் தொடங்குவது உகந்தது. "நீ பிறப்பதற்கு இன்னொருவரும் எமக்கு உதவினார்" என்பது தொடக்கத்துக்குப் போதுமானது. பிறர் கூறி அறிய நேரும் பிள்ளை, பெற்றோர் மீதான நம்பிக்கையை இழக்கக்கூடும். அதனைத் தவிர்ப்பது பெற்றோரின் கடமையாகும்.