தேமல், படர்தாமரை, வெண்புள்ளி: கண்டறிதல்

சுன்னாகத்துச் செம்மண் தோட்டங்களில் வெயிலில் வியர்த்து வேலை செய்வோரிடம் தேமல் சாதாரணம். மார்பிலும் முதுகிலும் வெளிறியோ கபிலமாகவோ படரும். நகத்தால் சுரண்டினால் தவிடுபோலச் செதில் உதிரும். மலசீசியா என்ற பங்கசே காரணம். செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து 10 வீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் ஒரு துளி விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் குறுகிய இழைகளும் உருண்டை வித்திக் கொத்துகளும் தெரியும்.

படர்தாமரையில் நடுப்பகுதி தெளிந்து விளிம்பு சிவந்து தடிக்கும். மாதிரியை அந்த விளிம்பிலிருந்தே சுரண்ட வேண்டும். படர்தாமரைக்கு முதன்மைக் காரணியான ட்ரைக்கோபைட்டன் ரூப்ரம் என்ற பங்கசை 1910இல் விவரித்தவர், கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்ரெல்லானி. பாமசியில் கேட்டு வாங்கும் ஸ்ரீரொயிட் களிம்பு அரிப்பை அடக்கும், நோயின் உருவத்தையும் குழப்பிவிடும். கண்டறிதல் பிழைப்பதற்கு இதுவே பெருங் காரணம் எனலாம்.

வெண்புள்ளியில் செதில் இராது. வூட் விளக்கின் புறஊதா ஒளியில் அது நீலவெண்மையாகப் பளிச்சிடும். தேமல் சிலரிடம் மஞ்சளாக ஒளிரும். தேமல் மருந்தில் குணமான பின்னும் நிறம் திரும்பச் சில மாதங்களாகும். அதை மருந்தின் தோல்வி என எண்ணக்கூடாது.

வெளிறிய தழும்பில் தொடுவுணர்வோ சூடோ தெரியாவிட்டால் தொழுநோயைச் சந்தேகிக்க வேண்டும். இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் அதற்கான கூட்டு மருந்து இலவசம்.