வில்லும் மனச்சான்றும்

இசைக்கு மொழியில்லை, நாடில்லை, அரசியலும் இல்லை என்பது பலகாலமாகக் கூறப்பட்டு வரும் கருத்தாகும். கேட்பதற்கு இனிய கருத்துத்தான். ஆயினும், இசையை எழுப்பும் கலைஞன் ஒரு நாட்டின் குடிமகன். அவன் ஏறும் மேடை ஓர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டது. அவனுக்குப் பக்கத்தில் அமர்ந்து இசைப்பவனும் ஒரு மனிதன். அந்தப் பக்கத்து இருக்கைக்கு உரியவனை, அவன் பிறப்பைக் காரணம் காட்டி எழுந்து போகச் சொன்னால் கலைஞன் என்ன செய்ய வேண்டும்? இந்த வினாவை ஜெர்மன் நாட்டு வரலாறு அதன் இசைக் கலைஞர்களின் முன் மும்முறை வைத்தது. அவர்கள் அளித்த விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், நால்வர் குழு என்பது யாது எனக் காண்போம். யாழின் தந்தியைப் பண்டைத் தமிழர் நரம்பு என்றே வழங்கினர். அவ்வழக்கையொட்டி, மேலைநாட்டு இசையில் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு கருவிகள் சேர்ந்து இசைக்கும் அமைப்பை நரம்பிசை நால்வர் குழு எனலாம். வயோலா, வயலினைவிடச் சற்றுப் பெரியது, தாழ்ந்த குரலுடையது. செல்லோ அதனினும் பெரியது. முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கப்படுவது. நம் கச்சேரி மேடையில் வயலின் பாடகரைப் பின்தொடர்ந்து செல்லும். நால்வர் குழுவிலோ பாடகர் இல்லை. தாளக் கருவி இல்லை. கைகாட்டி நடத்தும் நடத்துநரும் இல்லை. நால்வரும் ஒருவரையொருவர் உற்றுக் கேட்டே இசைத்தாக வேண்டும். 1732-இல் பிறந்த ஹைடன் இவ்வடிவத்திற்கு உருவம் கொடுத்தார். மோசார்ட் அதனை வளர்த்தார். பீத்தோவன் தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில், முற்றிலும் செவிப்புலன் இழந்த நிலையில் எழுதிய நால்வர் இசைகளை அவ்வடிவத்தின் கொடுமுடி என்று அறிஞர் போற்றுவர்.

இவ்விசையை ஜெர்மன் நாட்டில் மக்கள் முன் நிலைநிறுத்திய பெருமை யோசப் யோவாகிம் என்பவரைச் சாரும். 1831-இல் கிட்சே என்னும் ஊரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த அவர், பின்னர்க் கிறித்தவ சமயத்தைத் தழுவினார். இசைமேதை பிராம்ஸின் நெருங்கிய நண்பர் அவர். 1869-இல் பெர்லின் இசைக் கல்லூரியின் தலைமையை ஏற்று, அதே நகரில் தம் பெயரால் ஒரு நால்வர் குழுவையும் நிறுவினார். 1907-இல் அவர் மறையும் வரை அக்குழுவே ஜெர்மன் நாட்டு இசைவாணர்க்கு அளவுகோலாக விளங்கியது.

நாம் முன்னர் எழுப்பிய வினா முதன்முதலில் யோவாகிமையே எதிர்கொண்டது. பெர்லினுக்கு வருமுன் அவர் ஹனோவர் அரசவையில் பணியாற்றினார். அங்கே இசைக்குழுவிலிருந்த யாக்கோப் குரூன் என்னும் வயலின் கலைஞருக்கு, அவர் யூதர் என்ற காரணத்தால் பதவி உயர்வு மறுக்கப்பட்டது. இதனை எதிர்த்து, 1865-இல் யோவாகிம் அரசவைப் பணியையே துறந்தார். அவருக்கு எந்த இடையூறும் நேரவில்லை; அரசரின் மதிப்பும் அவருக்கு இருந்தது. ஆயினும், தம் பக்கத்து இருக்கைக்காரருக்கு நேர்ந்த இழுக்கைத் தமக்கு நேர்ந்ததாகவே கொண்டார். இஃது ஒரு மரபின் தொடக்கமாயிற்று.

அம்மரபின் வழித்தோன்றல்களுள் தலையாயவர் அடோல்ஃப் புஷ் ஆவார். 1891-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் சீகன் நகரில் அவர் பிறந்தார். தந்தை வயலின் செய்யும் கைவினைஞர். செல்வம் இல்லாத இல்லம். மூத்தவர் ஃபிரிட்ஸ் பின்னாளில் புகழ்மிக்க இசைக்குழு நடத்துநரானார். இளையவர் ஹெர்மன் செல்லோ கலைஞரானார். கொலோன் இசைக் கல்லூரியில் அடோல்ஃபுக்குக் கற்பித்த வில்லி ஹெஸ், பிராம் எல்டரிங் ஆகிய இருவரும் யோவாகிமின் மாணாக்கர்கள். எனவே, புஷ் யோவாகிமுக்கு மாணாக்கரின் மாணாக்கர் ஆகிறார். கலை ஆசிரியரிடமிருந்து மாணவனுக்குச் செல்லும்போது விரல் நுட்பம் மட்டும் செல்வதில்லை. வாழ்க்கை நெறியும் உடன் செல்கின்றது என்பதற்கு இவர் வாழ்வு சான்றாகும்.

1912-இல், இருபது வயதைக் கடந்த நிலையிலேயே வியன்னாவின் பெரிய இசைக்குழு ஒன்றில் முதல் வயலின் கலைஞர் பதவி புஷ்ஷைத் தேடி வந்தது. அங்கே அவர் அமைத்த நால்வர் குழு முதல் உலகப் போரால் சிதறியது. 1918-இல் பெர்லின் இசைக் கல்லூரியில் பேராசிரியரானார். மறு ஆண்டில் புஷ் நால்வர் குழு தோன்றியது. சில மாற்றங்களுக்குப் பின்னர் சுவீடன் நாட்டவரான யோஸ்தா ஆண்ட்ரெயாசன் இரண்டாம் வயலினையும், வியன்னாக்காரரான கார்ல் டாக்டர் வயோலாவையும் ஏற்றனர். செல்லோவில் பால் குரூம்மர் இருந்தார். 1930-இல் அவ்விடத்திற்குத் தம்பி ஹெர்மன் வந்தார். இந்நால்வரின் கூட்டே குழுவின் பொற்காலம் எனப்படுகின்றது. பகட்டான இனிமையை அவர்கள் நாடவில்லை. ஒவ்வொரு சொற்றொடருக்கும் பொருளுண்டு என்பதுபோல இசைத்தார்கள். அவர்களின் வாசிப்பில் அமைதியும் அனலும் ஒருங்கே இருந்தன.

குழுவில் சேராத ஐந்தாமவர் ஒருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவர் பியானோ கலைஞர் ருடால்ஃப் செர்கின். 1903-இல் பொகிமியாவின் ஏகர் நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1920-இல் புஷ்ஷைச் சந்தித்த நாள்முதல் அவர் இல்லத்திலேயே தங்கி, அவருக்கு இணையாகப் பியானோ வாசித்து வந்தார். 1927-இல் புஷ் குடும்பம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குக் குடிபெயர்ந்தபோது செர்கினும் உடன் சென்றார். பின்னர், 1935-இல் புஷ்ஷின் மகள் ஐரீனை மணந்தார். சிறுவன் யெகூதி மெனுகின் வயலின் பயில வந்ததும் அந்தப் பாசல் இல்லத்திற்கே.

1933 பிறந்தது. சனவரி 30-ஆம் நாள் ஹிட்லர் ஆட்சிக்கட்டில் ஏறினார். மார்ச்சு 7-ஆம் நாள், டிரெஸ்டன் இசை நாடக அரங்கில் ஃபிரிட்ஸ் புஷ் மேடையேறியபோது ஹிட்லர் கட்சியினர் கூச்சலிட்டு அவரை விரட்டினர். ஏப்ரல் முதல் நாள், நாடெங்கும் யூதர் கடைகளின் முன் சீருடைப் படையினர் நின்று, உள்ளே செல்வோரைத் தடுத்தனர். அதே நாளில் புஷ் நால்வர் பெர்லினில் ஹைடனின் ‘இறுதி ஏழு வாக்குகள்’ என்னும் படைப்பை இசைத்தனர். சிலுவையில் இயேசு மொழிந்த ஏழு வாக்குகளை ஏழு மெதுநடைப் பகுதிகளாக இசைத்து, இறுதியில் நில நடுக்கத்தோடு முடியும் படைப்பு அது. தெருவில் தாம் கண்ட கொடுமையைப் புஷ்ஷால் பொறுக்க இயலவில்லை. ஜெர்மன் நாட்டில் ஏற்றுக்கொண்டிருந்த இசை நிகழ்ச்சிகள் அனைத்தையும் அவர் நீக்கிக் கொண்டார்.

இம்முடிவின் பெருமையை அளந்தறிய வேண்டுமானால், அவர் இழந்தது எதுவென நோக்குதல் வேண்டும். புஷ் யூதர் அல்லர். அவருடைய வேலைக்கோ உயிருக்கோ புதிய சட்டங்களால் ஊறு இல்லை. பீத்தோவனையும் பிராம்ஸையும் தாய்மொழி போல் கேட்டுணரும் அவையும், வருவாயின் பெரும்பகுதியும் ஜெர்மன் நாட்டிலேயே இருந்தன. இவை அனைத்தையும் அவர் தாமே முன்வந்து துறந்தார். 1935-இல் சுவிஸ் நாட்டுக் குடியுரிமை பெற்றார். 1938-இல் இத்தாலி நாட்டிலும் யூதருக்கு எதிரான சட்டங்கள் வந்தபோது, அந்நாட்டு மேடைகளையும் விட்டொழித்தார்.

எல்லாக் கலைஞரும் இவ்வாறு நடக்கவில்லை. இசையமைப்பாளர் ரிச்சர்டு ஸ்டிராவுஸ் 1933 முதல் 1935 வரை ஹிட்லர் அரசின் இசைத்துறை அமைப்புக்குத் தலைமை தாங்கினார். நடத்துநர் ஃபூர்ட்வெங்ளர், யூதக் கலைஞர்களுக்காக வெளிப்படையாக வாதாடியவர்தாம்; எனினும், நாட்டிலேயே தங்கி, அரசு விரும்பிய மேடைகளிலும் நிற்க நேர்ந்தது. உள்ளே இருந்து காக்கலாம் என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும், தங்கியவர்களின் புகழை அவ்வரசு தனக்கு அணிகலனாக்கிக் கொண்டது என்பதும் மறுக்கவொண்ணா உண்மை.

உள்ளே தங்கியும் வளையாதவர் ஒருவர் உண்டு. யோவாகிமின் நேர் மாணாக்கரான கார்ல் கிளிங்ளர் 1905-இல் தொடங்கிய நால்வர் குழு, 30 ஆண்டுகளுக்கு மேலாகப் பெர்லினில் இசைத்து வந்தது. அதன் செல்லோ கலைஞர் எர்ன்ஸ்டு சில்பர்ஸ்டைன் யூதர். அவரை நீக்கிவிட்டு வேறொருவரை அமர்த்துமாறு அரசு வற்புறுத்தியது. கிளிங்ளர் இணங்கவில்லை. 1936-இல் குழுவையே கலைத்துவிட்டார். ஒருவரை இழந்து மூவர் பிழைப்பதைவிட, நால்வராகவே மறைவது மேல் என்பது அவர் அளித்த விடை. சில்பர்ஸ்டைன் பின்னர் அமெரிக்கா சென்று, கிளீவ்லாந்து இசைக்குழுவில் பணியாற்றினார்.

ஜெர்மன் மேடையை விட்ட புஷ் நால்வருக்கு லண்டன் இடமளித்தது. 1930-களில் அங்கே அவர்கள் செய்த இசைத்தட்டுப் பதிவுகள் இன்றும் போற்றப்படுகின்றன. பீத்தோவனின் 131-ஆம், 132-ஆம் எண் படைப்புகளும், சூபர்ட்டின் ‘மரணமும் மங்கையும்’ என்னும் நால்வர் இசையும் அவற்றுள் சில. அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிட இசையே அடங்கும். எனவே, இடைவிடாது ஓட வேண்டிய இசையை நிறுத்தி நிறுத்தி வாசித்தாக வேண்டும். பிழை நேர்ந்தால் வெட்டி ஒட்ட வழியில்லை. அந்தப் பக்கம் முழுவதையும் மீண்டும் வாசிக்க வேண்டும். அந்நிலையிலும் ஒரே மூச்சில் எழுந்தது போன்ற ஓட்டம் அத்தட்டுகளில் கேட்கின்றது.

1938-இல் ஆஸ்திரியா ஹிட்லரின் பிடிக்குள் சென்றது. சால்ஸ்பர்க் இசை விழாவின் மேடையும் சுதந்திரம் இழந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில், வாக்னர் வாழ்ந்த இல்லத்தின் முன்னே இத்தாலிய நடத்துநர் டோஸ்கானினி ஓர் இசை நிகழ்ச்சி நடத்தினார். லூசர்ன் இசை விழாவின் தொடக்கம் அதுவே. அவ்விழாவுக்காகத் திரண்ட கலைஞர்களுக்கு முன்னின்றவர்களுள் புஷ் ஒருவர்.

போர் மூண்ட 1939-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் அமெரிக்கா சென்றார். அங்கே வாழ்வு எளிதாக அமையவில்லை. விரைவையும் மினுக்கத்தையும் விரும்பிய அவைகளில் அவருடைய ஆழ்ந்த வாசிப்பு முன்போல் எடுபடவில்லை. 1940-இல் மாரடைப்பும் வந்தது. குழுவின் பழைய உறுப்பினர் விலக, 1940-களில் புதியவர் வந்து அமர்ந்தனர். 1949-இல்தான், பதினாறு ஆண்டுகள் கழித்து, ஜெர்மன் மேடையொன்றில் அவர் மீண்டும் ஏறினார். செர்கின், ஹெர்மன், பிரெஞ்சு நாட்டு மோய்ஸ் குடும்பத்தினர் ஆகியோருடன் சேர்ந்து, வெர்மாண்ட் மாநிலத்தின் மார்ல்பரோவில் இளங்கலைஞர்க்கென ஓர் இசைப் பள்ளியைத் தொடங்கினார். மூத்தவரும் இளையவரும் ஒரே குழுவில் சமமாக அமர்ந்து பயில்வது அதன் வழக்கம். அப்பள்ளியின் தொடக்க நாள்களிலேயே, 1952 சூன் 9-ஆம் நாள், புஷ் மறைந்தார். அவரோடு குழுவும் முடிந்தது. ஆயினும், 1964-இல் குவர்னேரி நால்வர் குழு உருவானது அந்த மார்ல்பரோவில்தான் என்பதை நோக்கும்போது, அவர் ஊன்றிய விதை பொய்க்கவில்லை என்பது புலனாகும்.

இம்மூவரின் செயலும் ஹிட்லரின் ஆட்சியை ஒரு நாளேனும் முன்கூட்டி வீழ்த்தவில்லை என்று சிலர் கூறலாம். அஃது உண்மையே. நான்கு வில்கள் ஒரு படையை எதிர்த்து வெல்ல முடியாது. அவர்கள் வெல்லப் புறப்படவும் இல்லை. உடன்பட மறுத்தார்கள், அவ்வளவே. நால்வர் குழுவில் இரண்டாம் வயலினும் வயோலாவும் பெரும்பாலும் அவையோரின் கண்ணில் படுவதில்லை. ஆனால், அவற்றுள் ஒன்று ஓய்ந்தால் முதல் வயலினின் பாட்டு பொருளற்றுப் போகும். நாள்தோறும் இதனை விரலால் பயின்றவர்கள், வாழ்விலும் அதனை மறவாதிருந்தனர். மாணவர்கள் புஷ் நால்வரின் பதிவுகளுள் ஒன்றையேனும் தேடிக் கேட்டல் வேண்டும். முதல் முறை முதல் வயலினைக் கேளுங்கள். மறுமுறை, அதற்கு இடம்விட்டு அருகே அடங்கி ஒலிக்கும் மற்ற மூன்று குரல்களைக் கேளுங்கள்.