அஞ்சடி

சிங்கப்பூரின் பழைய தெருக்களில், கடைவீடுகளின் முகப்பை ஒட்டிக் கூரைக்கடியில் ஒரு நடைபாதை ஓடும். அங்குள்ள தமிழர்களுக்கு அது அஞ்சடி. மலாய்க்காரர்களுக்குக் காக்கி லீமா. அதுவும் ஐந்தடிதான்.

இது பிறந்தது ஓர் அரசாணையில். 1822 நவம்பரில் பிரிட்டிஷ் அதிகாரி ஸ்டாம்ஃபர்டு ராஃபிள்ஸ் நகரக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தார்: வீடுகளின் முகப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் தாழ்வாரம் விட வேண்டும், தெருவின் இருபக்கமும் அது தொடர்ச்சியான, கூரையிட்ட வழியாக எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். அடிக்கணக்கு எதையும் அவர் சொல்லவில்லை. ஐந்து என்ற எண் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. டேப்பை வைத்து அளந்தால் பல இடங்களில் அதைவிட அகலம்.

மாடியறை முன்னே நீண்டு தாழ்வாரத்துக்குக் கூரையாகும். மேலே வீட்டுக்காரர் தூங்குவார், கீழே ஊர் நடக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊரில் வெயிலும் சொல்லாமல் வரும் மழையும் படாமல் தெருக்கோடி வரை போய்விடலாம்.

சிக்கலும் கூடவே பிறந்துவிட்டது. மண் வீட்டுக்காரருடையது, வழி ஊருடையது. நிழலான இடத்தை யார் சும்மா விடுவார்கள்? கடைக்காரர் மூட்டையை அடுக்கினார். முடிதிருத்துபவர் நாற்காலி போட்டார். கடிதம் எழுதித் தருபவரும் கிளிஜோசியரும் ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டார்கள். நடப்பவர் சாலையில் இறங்கி மாட்டுவண்டிக்கு ஒதுங்கினார். 1888 பிப்ரவரியில் நகராட்சி தாழ்வாரங்களைக் காலி செய்யப் புறப்பட்டது. கடைகள் அடைக்கப்பட்டன, கலவரமே மூண்டது. ஒரு வராந்தாவுக்கா என்று நமக்குத் தோன்றலாம். திண்ணையை இடித்துச் சாலை போட்ட ஊர்க்காரர்களுக்குத் தோன்றாது.

1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் மக்களை அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோனது. பின்னர் அந்தப் புளோக்குகளின் கீழ்த்தளத்தை வீடில்லாமல் திறந்தே விட்டார்கள். கல்யாணப் பந்தலும் அங்கேதான், சாவுக்குக் கூடுவதும் அங்கேதான். அதை அஞ்சடியின் பேரப்பிள்ளை என்பேன், கட்டடக்கலைஞர்கள் ஒப்புக்கொண்டாலும் இல்லாவிட்டாலும்.

1989இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் பகுதிகள் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. அஞ்சடிகளும் பிழைத்தன. லிட்டில் இந்தியாவில் அவற்றில் நடக்கும்போது காலைப் பார்த்து வைக்க வேண்டும். ஒரு வீட்டின் முன் பூ ஓடு, அடுத்ததில் வெறும் சிமெண்ட், நடுவே ஒரு படி ஏற்றம், பத்தெட்டில் ஒரு படி இறக்கம். தன் பங்குத் தரையைத் தனக்குப் பிடித்த உயரத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார் ஒவ்வொரு வீட்டுக்காரரும்.