ஆர்னிகா: வளரும் உயரமும் வேதிப்பொருள்களும்

ஆர்னிகா மோன்டானா, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பிய மலைப்பூண்டு. தமிழகத்தில் ஹோமியோபதி மருந்தாகவும் கூந்தல் தைலப் புட்டியில் அச்சிட்ட பெயராகவும்தான் இதைப் பலருக்குத் தெரியும். சத்துக் குறைந்த, அமிலத்தன்மையுள்ள புல்வெளிகளே இதற்கு ஏற்றவை. மேய்ச்சல் நிலத்துக்குச் சுண்ணாம்பும் உரமும் இட்டால் செடி அற்றுப்போகும்.

மஞ்சள் நிறப் பூத்தலைகளே மருந்து. சுளுக்குக்கும் அடிபட்டுக் கன்றிய இடத்துக்கும் மேற்பூச்சாகப் பயன்படுகிறது. உள்ளே போனால் நஞ்சு. வீக்கத்தைத் தணிப்பதும் நஞ்சாவதும் ஹெலனாலின் வகை லாக்டோன்களே. ஃபிளேவனாய்டுகளும் காஃபிக் அமிலச் சேர்மங்களும் பூவில் உண்டு.

மேலே ஏற ஏற மூலிகைக்கு வீரியம் கூடும் என்ற நம்பிக்கை பரவலானது. காட்டுச் செடிகளை ஒப்பிட்டு இதை உறுதிசெய்ய முடியாது. வேறுபாடு இடத்தால் வந்ததா மரபால் வந்ததா என்று பிரிக்க வழியில்லை. ஆகவே ஆஸ்திரியாவில், இன்ஸ்ப்ரூக் அருகே, ‘ஆர்போ’ என்ற ஒரே பயிர் ரகத்தை 590 மீட்டர் முதல் 2,230 மீட்டர் வரை ஒன்பது பாத்திகளில் வளர்த்துப் பார்த்தார்கள். 2006இல் வெளியான முடிவு அந்த நம்பிக்கையைப் பாதிதான் ஆதரித்தது. லாக்டோன்களின் மொத்த அளவு உயரத்தோடு கூடவில்லை. ஃபிளேவனாய்டுகளின் மொத்தமும் அப்படியே. மாறியது கலவை. ஃபிளேவனாய்டுகளுக்குள் கேம்ப்ஃபெரால் வகையோடு ஒப்பிடுகையில் க்வெர்செட்டின் வகையின் பங்கு உயர்ந்தது. காஃபிக் அமிலச் சேர்மங்களும் கூடின. க்வெர்செட்டின் மூலக்கூறில் ‘பி’ எனப்படும் வளையத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி அதிகம், அவ்வளவுதான். ஆனால் அப்படி இரண்டு தொகுதிகள் அடுத்தடுத்து அமைவதால், செல்லைச் சிதைக்கும் தனி உறுப்புகளை (free radicals) அடக்கும் திறன் மிகுகிறது.

உயரத்தில் வலுக்கும் புற ஊதா-பி கதிரின் மேல்தான் முதலில் சந்தேகம் விழுந்தது. இயல்பான ஊகம்தான். ஆனால் மலையில் 100 மீட்டர் ஏறினால் வெப்பமும் சுமார் 0.6 டிகிரி குறைகிறது. இரண்டும் சேர்ந்தே மாறுவதால் வெளியில் வைத்துப் பிரித்தறிவது கடினம். வளர்ப்பறையில் வெப்பநிலையை மட்டும் 5 டிகிரி செல்சியஸ் குறைத்தபோது க்வெர்செட்டின் பங்கு அதேபோல் உயர்ந்தது. இந்த மாற்றத்தைத் தூண்டுவதில் குளிருக்கே முதன்மைப் பங்கு என்று ஆய்வாளர்கள் 2009இல் அறிவித்தனர்.

லாக்டோன்களின் வகையில் மரபுவழியும் பேசுகிறது: நடு ஐரோப்பியச் செடிகளில் ஹெலனாலின் சேர்மங்களும் ஸ்பெயின் நாட்டுச் செடிகளில் டைஹைட்ரோஹெலனாலின் சேர்மங்களும் மேலோங்குகின்றன. ஐரோப்பிய மருந்துத் தரநூல் உலர்ந்த பூவில் கேட்பது குறைந்தது 0.40% லாக்டோன், உயரத்தோடு கூடாத பொருளும் அதுதான்.