கார்ப்பரேஷன் ரேடியோவும் ஓசி சாயங்காலமும்

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா எல்லா வீட்லயும் ஒரு குரல் கேக்கும். "எங்கியாவது போலாமா?" உடனே வீட்டுத் தலைவர் மண்டைக்குள்ள கால்குலேட்டர் ஓட ஆரம்பிச்சிரும். மால்னா பார்க்கிங், டிக்கெட், பாப்கார்ன், அப்புறம் "வந்ததே வந்தோம், சாப்பிட்டே போயிரலாம்". நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ரெண்டாயிரம் ரூபா அம்பேல். பொட்டி தட்டுற நமக்கே பர்ஸ் கடிக்குதுன்னா, தினக்கூலி வாங்குறவர் வீட்ல அந்தக் கேள்விக்கு என்ன பதில் இருக்கும்?

இது புதுக் கேள்வி இல்ல மக்களே. ரொம்ப காலத்துக்கு முன்னாடியே மெட்ராஸ்ல இதுக்கு ஒரு அருமையான பதில் கிடைச்சிருக்கு. பதில் சொன்னது யார் தெரியுமா? கார்ப்பரேஷன்! (சிரிக்காதீங்க, நெஜமாத்தான்.)

கொஞ்சம் பின்னாடி போய் ஆரம்பிக்கிறேன். கொசுவத்தி சுத்துறவங்க சுத்திக்கலாம்.

1859-ல சார்லஸ் டிரெவெல்யன்னு ஒருத்தர் மெட்ராஸ் கவர்னரா வந்தார். அயர்லாந்துப் பஞ்சத்துல பேரைக் கெடுத்துக்கிட்ட அதே ஆளுதான். இங்க வந்தப்போ நெருக்கமான ஜார்ஜ் டவுன் பக்கத்து ஜனங்க காத்து வாங்க ஒரு எடம் வேணும்னு நெனைச்சார். இன்னிக்கு சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்குற பக்கத்துல நூறு ஏக்கருக்கு மேல ஒரு பெரிய தோட்டம் போட ஏற்பாடு பண்ணினார். குளம், வண்டி போற பாதை, பேண்டு வாசிக்க மேடை எல்லாம் வச்சு. அதுக்கு வச்ச பேரே 'பீப்பிள்ஸ் பார்க்', மக்கள் பூங்கா. புது வரி போடுறதை எதிர்த்து வெளிப்படையாப் பேசினதுக்காக 1860-லயே அவரை லண்டன்காரங்க திருப்பிக் கூப்பிட்டுட்டாங்க. பூங்கா மட்டும் தங்கிடுச்சு. எட்வர்ட் பால்ஃபர் 1855-ல எழும்பூர் மியூசியத்துல ஆரம்பிச்ச மிருகக்காட்சி சாலையும் பின்னாடி இந்தப் பூங்காவுக்கே குடிவந்துச்சு.

அடுத்தது கடற்கரை. 1881-லேர்ந்து 1886 வரைக்கும் கவர்னரா இருந்த கிராண்ட் டஃப், கடலோரமா ஒரு நடைபாதை போட வச்சு, அதுக்கு இத்தாலி ஞாபகத்துல 'மெரினா'ன்னு பேர் வச்சார். இன்னிக்கு வரைக்கும் சென்னையில ஒரு குடும்பம் அஞ்சு பைசா செலவில்லாம உக்கார முடியுற பெரிய எடம் அதுதான். (சுண்டலும் பஜ்ஜியும் உங்க சொந்தப் பொறுப்பு, அதுக்கு கிராண்ட் டஃப் ஜவாப்தாரி இல்ல.)

சரி, எடம் கெடைச்சாச்சு. பாட்டு?

1920-கள்ல பாட்டு கேக்கணும்னா சபாவுக்கு டிக்கெட் எடுக்கணும். கிராமபோன் வாங்க வசதி வேணும். கோயில் திருவிழாவுல நாகஸ்வரம் கேக்கலாம், ஆனா கோயில் வாசலே எல்லாருக்கும் திறக்காத காலம் அது. மதுரை மீனாட்சி கோயில் நுழைவு நடந்ததே 1939-லதான்.

இந்த நெலமையில 1924 மே மாசம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டின்னு ஒருத்தர் சில நண்பர்களைச் சேர்த்துக்கிட்டு 'மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்'னு ஒண்ணு தொடங்கினார். ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பும் ஆரம்பிச்சிட்டாங்க. முதல்ல இருந்த டிரான்ஸ்மிட்டர் வெறும் 40 வாட். நம்ம வீட்டு குண்டு பல்பு அளவு பவர்! அப்புறம் 200 வாட்டுக்கு மாத்தினாங்க. பம்பாயிலயும் கல்கத்தாவுலயும் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி முறையா நிலையம் தொறக்குறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே மெட்ராஸ்ல சாயங்காலப் பாட்டு காத்துல போய்க்கிட்டு இருந்துச்சு.

ஆனா கிளப் நடத்துறது ஆசை, செலவு நெஜம். மெம்பருங்க சந்தாவுல எத்தனை நாள் ஓட்ட முடியும்? 1927-ல இழுத்து மூடிட்டாங்க. மூடினப்போ ஒரு நல்ல காரியம் பண்ணினாங்க. டிரான்ஸ்மிட்டரைக் காயலான் கடைக்குப் போடாம மெட்ராஸ் கார்ப்பரேஷனுக்குக் குடுத்துட்டாங்க.

1930 ஏப்ரல் 1-லேர்ந்து ரிப்பன் மாளிகைக்காரங்க அதை வச்சு முறையான ஒலிபரப்பு ஆரம்பிச்சாங்க. ரோடு போடுறது, குப்பை அள்றது, தண்ணி விடுறது... கூடவே பாட்டு போடுறது!

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச மேட்டர் வருது. அந்தக் காலத்து மலிவான ரேடியோ 'கிரிஸ்டல் செட்'. கரண்டே வேணாம், ஆனா காதுல ஹெட்போன் மாட்டித்தான் கேக்கணும். ஒரு ஆளுக்கு ஒரு செட். நாலு பேர் சேர்ந்து கேக்குற மாதிரி ஒலிபெருக்கி வேணும்னா வால்வு போட்ட செட் வாங்கணும், பேட்டரியோ கரண்டோ வேணும். அது சாமானியன் கனவுலகூட வாங்க முடியாத சாமான். போதாக்குறைக்கு வருஷத்துக்கு பத்து ரூபா லைசென்ஸ் வேற.

கார்ப்பரேஷன் என்ன பண்ணிச்சு? வீடு வீடா செட் இருந்தாத்தான் ரேடியோன்னு நெனைக்கலை. செட்டையும் ஒலிபெருக்கியையும் கொண்டுபோய் ஜனங்க இருக்குற எடத்துல வச்சிருச்சு. பீப்பிள்ஸ் பார்க், ராயபுரம் ராபின்சன் பார்க், மெரினா, ஹைகோர்ட் பீச்னு. சாயங்காலம் காத்து வாங்க வந்தவன் அப்படியே உக்காந்து பாட்டு கேட்டுட்டுப் போகலாம். டிக்கெட் இல்ல, லைசென்ஸ் இல்ல, நீ எந்தத் தெரு, என்ன ஜாதின்னு அந்தக் கூம்புக்குத் தெரியவும் தெரியாது. நம்ம பாஷையில சொன்னா, ஆளுக்கொரு சர்வர் குடுக்க முடியாதப்போ ஒரே சர்வரை ஊருக்கே பொதுவா வச்ச கதை.

இன்னொரு கணக்கையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. லைசென்ஸ் காசை நம்பி ஆரம்பிச்ச அந்த இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி, 1927-ல தொடங்கி 1930-லயே நொடிச்சுப்போச்சு. நாடு முழுக்க லைசென்ஸ் எண்ணிக்கை பத்தாயிரத்தைக்கூட தொடலை. கம்பெனியை சர்க்கார் கையில எடுத்துக்கிட்டதும் அதே 1930 ஏப்ரல் 1! ஒரே நாள்ல, செட் வாங்குன வீடுகளை நம்பின கம்பெனி சர்க்கார் மடிக்குப் போகுது, செட்டே இல்லாத ஜனங்களுக்காக ஒரு முனிசிபல் ரேடியோ பாட ஆரம்பிக்குது. தற்செயல்தான், ஆனாலும் என்னமா பொருந்துது பாருங்க.

கார்ப்பரேஷன் ரேடியோ எட்டு வருஷம் பாடிச்சு. 1938 ஜூன் 16-ல எழும்பூர்ல ஆல் இந்தியா ரேடியோவோட மெட்ராஸ் நிலையம் வந்ததும் இது ஓஞ்சுபோச்சு. ஆனா பார்க்ல கூம்பு வைக்கிற பழக்கம் ஓயலை. எத்தனையோ ஊர்ல பழைய முனிசிபல் பூங்காவுக்குப் போனா, நடுவுல ஒரு குட்டி மண்டபம் பூட்டிக் கெடக்கும். "இது எதுக்கு?"ன்னு பெருசுங்ககிட்ட கேட்டா "ரேடியோ ரூம்பா"ன்னு சொல்வாங்க. கிராமத்துல பஞ்சாயத்து ரேடியோ. சாயங்கால நியூஸுக்கு ஊரே கூடும்.

அப்புறம் 1975 ஆகஸ்ட் 15-ல மெட்ராஸ் தூர்தர்ஷன் வந்துச்சு. தெருவுல ஒரு வீட்ல டிவி, வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பாக்க தெருவே அந்த வீட்ல. 2006-லேர்ந்து அரசு கலர் டிவி வீட்டுக்கு வீடு வந்துச்சு. எங்க ஜெனரேஷன் வளர்ந்தது அதுலதான். இப்போ ஆளுக்கொரு மொபைல், காதுல ஆளுக்கொரு ஹெட்போன். கவனிச்சீங்களா? சுத்திச் சுத்தி மறுபடி கிரிஸ்டல் செட்டுக்கே வந்துட்டோம் :-)

நான் டெக்னாலஜியைத் திட்டலைங்க. சோறு போடுறதே அதுதான். வீட்டுக்குள்ள பாட்டு வந்தது பெரிய விஷயம், முக்கியமா வெளிய போக முடியாத பெண்களுக்கும் வயசானவங்களுக்கும். என் வருத்தம் வேற. பாட்டு வீட்டுக்குள்ள வந்துருச்சேன்னு வெளியில இருந்த எடத்தை நாம கவனிக்காம விட்டுட்டோம்.

பீப்பிள்ஸ் பார்க் என்ன ஆச்சு? ஒரே நாள்ல யாரும் புடுங்கிக்கலை. விக்டோரியா ஹால் கட்ட கொஞ்சம், மூர் மார்க்கெட்டுக்குக் கொஞ்சம், ஸ்டேடியத்துக்குக் கொஞ்சம். ஏன், 1913-ல வந்த ரிப்பன் மாளிகையே அந்தப் பூங்கா நெலத்துலதான் நிக்குது! 1985-ல ரெண்டு அடி சேர்ந்து விழுந்துச்சு. மே மாசம் மூர் மார்க்கெட் எரிஞ்சுபோச்சு. அந்த எடத்துல பின்னாடி வந்தது புறநகர் ரயில் நிலையம். அதே வருஷம் மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போயிருச்சு. மிருகங்களுக்கு அது நல்லது, தாராளமான எடம். ஆனா வடசென்னையிலேர்ந்து பிள்ளைகளை இடுப்புல வச்சு நடந்தே வந்து யானை பாத்த குடும்பத்துக்கு, முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு நாள் பயணமாயிடுச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நியாயமான காரணம் இருந்துச்சு. எல்லாக் காரணத்தையும் கூட்டினா, பூங்கா இல்ல.

ராபின்சன் பார்க் தப்பிச்சுது. 1949 செப்டம்பர் 17-ல அங்கதான் கொட்டுற மழையில திமுக தொடக்கக் கூட்டம் நடந்துச்சு. இப்போ அதுக்குப் பேரு அண்ணா பூங்கா. ஓசியா கூடுறதுக்கு ஒரு எடம் இருந்தா அங்க பாட்டு மட்டும் இல்ல, சரித்திரமும் நடக்கும்.

எடம் இருக்குற பார்க்லயும் வேற ஒரு தொல்லை. நானும் என் வீட்டுக்காரம்மாவும் ஒரு பார்க் பெஞ்ச்ல உக்காந்து பேசிக்கிட்டு இருந்தப்போ வாட்ச்மேன் வந்து "ஜோடியா உக்காரக் கூடாது, கெளம்புங்க"ன்னாரு. கல்யாண சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணி கழுத்துல மாட்டிக்கிட்டா வர முடியும்? ரெண்டே ரூம்ல மாமனார், மாமியார், கொழுந்தனார்னு எல்லாரும் இருக்குற வீட்ல, புருஷனும் பொண்டாட்டியும் அரை மணி நேரம் தனியாப் பேசணும்னா பார்க்கும் பீச்சும்தான் கதி. அதையும் பறிச்சா அவங்க எங்க போவாங்க? காசு இருக்குறவனுக்கு காபி ஷாப் இருக்கு.

நல்ல விஷயமும் நடக்காம இல்ல. 2007-ல 'சென்னை சங்கமம்' வந்தப்போ பறையும் கரகமும் ஒயிலும் பார்க்குக்கும் பீச்சுக்கும் வந்துச்சு, ஓசியில. ஆட்சி மாறினதும் 2011-க்கு அப்புறம் நின்னுச்சு, 2023-ல திரும்ப வந்துச்சு. 2010-ல கோட்டூர்புரத்துல திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துல குழந்தைகள் பகுதிக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க, கெளம்ப மாட்டேன்னு அடம் பிடிக்கும்.

இவ்வளவும் படிச்சதுல எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். ஓசிப் பொழுதுபோக்குன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. நமக்கு ஓசியா கெடைக்கிற ஒவ்வொரு சாயங்காலத்துக்கும் எங்கியோ ஒருத்தர் கணக்குப் புத்தகத்துல ஒரு வரி எழுதியிருக்கார். அது நம்ம வரிப்பணம்தான். அந்த வரி இருக்கான்னு கேக்க ஆள் இல்லாதப்போ சத்தமில்லாம அடிச்சிருவாங்க. 1930-ல, செட் வாங்க வக்கில்லாதவனுக்கும் சாயங்காலம்னு ஒண்ணு இருக்குன்னு நெனைச்சு எழுதினாங்க பாருங்க, அந்தப் புண்ணியவான்களுக்கு ஒரு கும்பிடு.

டிஸ்கி: உங்க ஊர் பூங்காவுல ரேடியோ ரூம் இன்னும் நிக்குதா? ஞாயித்துக்கிழமை வீட்டோட போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க. செலவு? ஆளுக்கு ஒரு பொட்டலம் கடலை.